சுருட்ட முடியாத ஜமக்காளம்!

வீட்டு வராந்தாவில் நீங்களே வரையலாம். ஆனால் அவசரம் கூடாது

மழைச் சாரலில் நனையாது. காற்றில் பறக்காது. கரையான் அரிக்காது. யாரும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகவும் முடியாது. அப்படி ஒரு ஜமக்காளம் உண்டா?

உண்டு. தரையிலேயே வர்ணத்தால் வரைந்துவிடுகிற ஜமக்காளம்தான் அது!

வாசல் வராந்தாவில் சிமென்ட் தரை கறுத்துக் கிடக்கிறது. புதிதாகக் கல் பதிக்கக் கையில் பணமில்லை. நல்ல விரிப்பு வாங்கிப் போட்டாலும் சாரலடித்து நாசமாகிறது. இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ! அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் பெயிண்ட் பூசுவது மிகச் சுலபம். பூசுவதற்கு முன்னும் பின்னும் பொறுமையாக இருப்பதுதான் கஷ்டம். பொறுமை இல்லாததால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள்.

தலைத்தீபாவளி அவசரம்

2019-ஆம் வருஷம். என் தங்கைக்குத் தலைத்தீபாவளி. மாப்பிள்ளை வீட்டார் வரப் போகிறார்கள். வாசல் வராந்தாவைப் பார்த்தேன். நடுவில் ஒரு பெரிய எண்ணெய்க் கறை. மூலையில் சைக்கிள் நிறுத்தி நிறுத்தித் துருப் பிடித்த தடம். மனசுக்குச் சங்கடமாக இருந்தது.

பண்டிகைக்கு மூன்றே நாள். பரணில் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்ட் இரண்டு டப்பா கிடந்தது. ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். ஐந்தாறு வருஷத்துப் பழசு. மேலே ஏடு கட்டியிருந்தது. ஏட்டை எடுத்து எறிந்துவிட்டு, கொஞ்சம் டர்பன்டைன் விட்டுக் கலக்கினேன்.

தரையை விளக்குமாற்றால் பெருக்கினேன். ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்தேன். அவ்வளவுதான்! உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று ஒரு ஜமக்காளம் தயார்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை.

அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். “அழகாத்தான்டா இருக்கு. ஈரக்காலோட வந்தா வழுக்காதோ?”

“அதெல்லாம் ஒன்றும் ஆகாது, அம்மா” என்றேன் நான்.

தீபாவளியன்று விடியற்காலை. எல்லோரும் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு வந்தார்கள். அம்மா கோலம் போடுவதற்காகச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அடுத்த நிமிஷம் ‘ணங்’கென்று செம்பு உருளும் சத்தம்!

ஓடிப் போய்ப் பார்த்தோம். நான் வரைந்த ஜமக்காளத்தின் மேல் அம்மா விழுந்து கிடந்தாள். கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. தலைத்தீபாவளிக் காலை ஆஸ்பத்திரியில் கழிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அதோடு போகவில்லை. கார்த்திகை மழை பிடித்ததும் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியது. பிறகு ஏடு ஏடாகக் கழன்றது. மார்கழிக்குள் வராந்தா முன்பு இருந்ததை விடவும் அலங்கோலமாகிவிட்டது.

ஒரு துண்டு பெயிண்ட் சொன்ன பாடம்

எங்கள் தெருவில் ஒரு பெயிண்டர் இருக்கிறார். நாற்பது வருஷம் பிரஷ் பிடித்த கை. அவரை அழைத்துக் காட்டினேன்.

அவர் உரிந்து கிடந்த ஒரு துண்டை எடுத்தார். மேல் பக்கத்தைப் பார்க்கவில்லை. திருப்பி, அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதில் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி ஒட்டியிருந்தது.

“தம்பி, உங்க பெயிண்டு நல்லாத்தான் ஒட்டியிருக்கு. ஆனா தரையிலே ஒட்டலே, தூசியிலே ஒட்டியிருக்கு” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தத் தொழிலின் ரகசியம் முழுவதும் அடங்கிவிட்டது. பெயிண்ட் எதன் மேல் படுகிறதோ, அதைத்தான் பிடித்துக்கொள்ளும். தூசி இருந்தால் தூசியை. எண்ணெய் இருந்தால் எண்ணெயை. ஈரம் இருந்தால் எதையுமே பிடிக்காது.

ராஜாவின் கல் கம்பளம்

தரையில் கம்பளத்தை வரைவது இன்று நேற்று வந்த ஆசை அல்ல. 2,600 வருஷங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது!

இன்றைய ஈராக் நாட்டில் அந்தக் காலத்தில் நினிவே என்று ஒரு பெரிய நகரம் இருந்தது. அங்கே அஷூர்பானிபால் என்ற ராஜா அரண்மனை கட்டினான். அதன் வாசற்படிகளில் கல்லைப் பதித்து, அதில் கம்பளம் போலவே வேலைப்பாடு செதுக்கச் சொன்னான். நடுவில் பூக்கள், ஓரத்தில் தாமரை மொக்குகள் வரிசையாக! வாசற்படியில் ஆயிரம் பேர் மிதித்து நடப்பார்கள். நெய்த கம்பளம் எத்தனை நாள் தாங்கும்? கல் கம்பளம் இன்றும் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அதைப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் உண்டு. ஆக்ராவில் நூர்ஜஹான் தன் பெற்றோருக்காகக் கட்டிய இதிமத் உத் தௌலா சமாதியின் தரையைப் பாருங்கள். வர்ணக் கற்களை இழைத்து, கம்பளம் விரித்தாற் போலவே செய்திருக்கிறார்கள். அது 1628-ல் முடிந்த கட்டடம்.

ராஜாக்களுக்குக் கல் கிடைத்தது. சாதாரணக் குடும்பத்தார் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு வழி கண்டார்கள். கப்பல் பாய்க்குப் போடும் முரட்டுத் துணியை இழுத்துக் கட்டினார்கள். அதன்மேல் ஆளி விதை எண்ணெய் கலந்த பெயிண்டை மீண்டும் மீண்டும் பூசினார்கள். பிறகு அதன்மேல் கட்டம், பூ, கொடி என்று கம்பள வேலைப்பாட்டை வரைந்தார்கள். இதுதான் அந்தக் காலத்து ‘தரைத் துணி’. காய்வதற்கே மாதக்கணக்கில் ஆகும்.

ஸ்காட்லாந்தில் கர்க்கால்டி என்ற ஊரில் மைக்கேல் நேர்ன் என்பவர் 1847-ல் இதற்கென்று ஒரு பெரிய தொழிற்சாலை கட்டினார். ஊரார் அதை ‘நேர்னின் பைத்தியக்காரத்தனம்’ என்று கேலி செய்தார்கள். ஆனால் தொழில் ஓங்கி வளர்ந்தது! பிறகு பிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் அதே ஆளி விதை எண்ணெயைக் கொண்டு ‘லினோலியம்’ என்ற தரை விரிப்பைக் கண்டுபிடித்து, 1863-ல் உரிமை பெற்றார். அது பரவியதும் கையால் வரைந்த தரைத் துணிகள் மெல்ல மறைந்தன.

அமெரிக்காவில் பெரும்பாலும் மர வீடுகள். வாசல் வராந்தாவும் பலகையால் ஆனது. மழையிலும் பனியிலும் பலகை இற்றுப் போகாமல் இருக்கப் பெயிண்ட் பூசியே ஆக வேண்டும். ‘பூசுவது பூசுகிறோம், அழகாகத்தான் பூசுவோமே!’ என்று பலர் தரையையே அலங்காரமாக்கினார்கள். ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சன்கூட 1805-ல் தம் வீட்டு முன் கூடத்துத் தரைக்குப் புல்லின் பச்சை வர்ணம் பூசச் சொன்னார். அந்த யோசனையைச் சொன்னவர் கில்பர்ட் ஸ்டூவர்ட் என்ற ஓவியர். இன்றும் அந்நாட்டுக் குடும்பங்கள் வராந்தாப் பலகையில் கம்பளம் வரைகின்றன.

நம் ஊரில் மட்டும் என்ன? வாசலில் எனாமல் பெயிண்டால் கோலம் போட்டு வைத்திருக்கும் வீடுகள் இல்லாத தெரு உண்டா? கோலம் போடத் தெரிந்த கைக்கு ஜமக்காளம் போட வராதா?

முதலில் தரையைச் சோதியுங்கள்

எல்லாத் தரையும் இதற்கு உதவாது. வழவழப்பான டைல்ஸ், பாலீஷ் போட்ட மொசைக், மெழுகு தேய்த்த சிவப்புத் தரை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். சாதாரண சிமென்ட் தரைதான் தோது. புதிதாகப் பூசிய சிமென்டாக இருந்தால் ஒரு மாதமாவது ஆறப் போடுங்கள்.

சிமென்ட் தரைக்கும் இரண்டு சோதனை உண்டு. இரண்டுக்கும் செலவில்லை.

ஒன்று, தண்ணீர்ச் சோதனை. தரையில் நாலைந்து இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் தரை அதை உறிஞ்சிக்கொண்டால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக நின்றால், அங்கே எண்ணெயோ மெழுகோ இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, பிளாஸ்டிக் சோதனை. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு பகல், ஓர் இரவு கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ பூமியிலிருந்து ஈரம் ஏறுகிறது. அந்தத் தரையில் எந்தப் பெயிண்டும் நிற்காது. வெள்ளையாக உப்புப் பூக்கும் தரையும் அப்படித்தான். அங்கே பணத்தைக் கொட்ட வேண்டாம்.

எந்த மாதத்தில் செய்யலாம்? தை, மாசி, பங்குனி மிகவும் உகந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் பனி ஈரம். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்!

வேண்டிய சாமான்கள்

நாலடி அகலம், ஆறடி நீளம் உள்ள ஒரு ஜமக்காளத்துக்குக் கணக்குச் சொல்கிறேன். மொத்தம் 24 சதுர அடி.

சிமென்டுக்கு உரிய பிரைமர், அரை லிட்டர்.

தரைக்கென்றே விற்கும் பெயிண்ட். மஞ்சள் அரை லிட்டர், சிவப்பு கால் லிட்டர். நீலமும் பச்சையும் கிடைப்பதில் மிகச் சிறிய டப்பா போதும்.

மேலே பூச, தரைக்கு உரிய நிறமில்லாத பூச்சு, அரை லிட்டர்.

இரண்டு அங்குல அகலமுள்ள பேப்பர் டேப், இரண்டு சுருள்.

இரண்டு அங்குலப் பிரஷ் ஒன்று, குஞ்சம் வரைய மெல்லிய பிரஷ் ஒன்று. உப்புத்தாள், நூல், சாக்பீஸ், அளவு டேப்.

சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பரை வாங்கிவிடாதீர்கள். அது மிதிபடத் தாங்காது. எண்ணெய்ப் பெயிண்ட் வாங்கினால் எல்லாமே எண்ணெய்ப் பெயிண்டாக இருக்கட்டும். தண்ணீரில் கரையும் பெயிண்ட் என்றால் எல்லாமே அதுவாக இருக்கட்டும். இரண்டையும் கலந்தால் ஒன்று மற்றொன்றைச் சுருங்க வைக்கும். கடைக்காரரிடம், “தரைக்கு, வெளி வராந்தாவுக்கு” என்று சொல்லியே கேளுங்கள்.

குழந்தைகள் உள்ள வீடா? கவனம்!

ஒரு முக்கியமான விஷயம். பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருந்தது. அதிலும் மஞ்சளிலும் சிவப்பிலும் அதிகம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் அல்லவா?

வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. ஆகவே பரணில் கிடக்கும் பழைய டப்பாவைத் தொடாதீர்கள். நான் எடுத்து அடித்ததும் அப்படிப்பட்ட பழைய டப்பாதான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பகீரென்கிறது.

புதிய டப்பா வாங்கும்போது ஈயத்தைப் பற்றி அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். தரையில் ஏற்கெனவே பழைய பெயிண்ட் இருந்தால் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தூசி பறக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, கழிவை வழித்தெடுத்துவிடுங்கள். அந்தச் சமயம் குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

கழுவுவதே பாதி வேலை

தரையைச் சோப்புத் தூள் போட்டு, முரட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்க் கறை உள்ள இடத்தை இரண்டு மூன்று முறை தேய்க்க வேண்டும். பிறகு சோப்பு வழவழப்புத் துளியும் இல்லாமல் நல்ல தண்ணீரால் அலசுங்கள். தரை நன்றாகக் காய இரண்டு நாளாவது விடுங்கள்.

காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பெருக்கி, ஈரத் துணியால் துடைத்து, மறுபடியும் காய விடுங்கள். இப்போது உள்ளங்கையைத் தரையில் வைத்து எடுங்கள். கையில் தூசி ஒட்டவில்லையே? சரி, இனி பெயிண்ட் டப்பாவைத் திறக்கலாம்.

நூல் பிடித்தால் கோணாது

ஜமக்காளம் கோணினால் வீடே கோணினாற் போலத் தெரியும். ஆகவே கொத்தனார் செய்வது போல நூல் பிடிக்க வேண்டும்.

வாசற்படிக்கு நேராக ஆறடிக்கு ஒரு கோடு. அதன் ஒரு மூலையிலிருந்து நாலடிக்கு மற்றொரு கோடு. மூலை சரிதானா என்று பார்ப்பது எப்படி? ஒரு கோட்டில் மூன்றடியில் ஒரு புள்ளி, மற்றதில் நாலடியில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிக்கும் நடுவே சரியாக ஐந்தடி இருந்தால் மூலை சரி.

நாலு பக்கமும் போட்ட பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டும் சுமார் 7 அடி 2½ அங்குலம் வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

தினமும் கோலம் போடும் இடத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் உள்தள்ளி வரையுங்கள். கோலத்துக்குத் தெளிக்கும் தண்ணீர் தினமும் ஜமக்காளத்தின் மேல் நிற்கக்கூடாது.

பவானிப் பட்டைகள்

என்ன வேலைப்பாடு வரையலாம்? பூவும் மயிலும் வேண்டாம். முதல் முறைக்குப் பட்டைகள்தான் நல்லது. ஈரோடு மாவட்டத்துப் பவானி ஜமக்காளத்தைப் பார்த்திருப்பீர்கள். பட்டை பட்டையாகக் கெட்டி வர்ணங்கள். பார்க்கவும் அழகு, வரையவும் சுலபம்.

ஓரத்தில் டேப் ஒட்டி, உள்ளே பிரைமரை ஒரு தடவை பூசுங்கள். மறுநாள் ஜமக்காளம் முழுவதற்கும் மஞ்சள் பூசுங்கள். அதற்கு மறுநாள் இன்னொரு பூச்சு மஞ்சள். எல்லாம் மஞ்சளாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். காரணம் இருக்கிறது. இரண்டு நாள் காய விடுங்கள்.

இப்போது அகலவாட்டத்தில் டேப் ஒட்ட வேண்டும். ஓர் ஓரத்திலிருந்து 4 அங்குலம் விட்டு ஒரு டேப். டேப்பின் அகலம் 2 அங்குலம். மறுபடி 4 அங்குலம் விட்டு ஒரு டேப். மறுபடி 4 அங்குலம் விட்டு ஒரு டேப். ஆக, 18 அங்குலத்தில் மூன்று டேப். எதிர் ஓரத்திலிருந்தும் இதே போல மூன்று. நடுவில் 36 அங்குலம் மிச்சம் இருக்கும்.

டேப்பின் ஓரங்களை விரலால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பிறகு அந்த ஓரத்தின் மேல் அதே மஞ்சளை மெல்லியதாக ஓர் இழுப்பு இழுத்து, காய விடுங்கள். டேப்பின் அடியில் கசிவதானால் மஞ்சளே கசிந்து அடைத்துக்கொள்ளும். பிறகு பூசும் வர்ணம் உள்ளே போகாது. கோடு கத்தியால் வெட்டினாற் போல வரும்.

மறுநாள் வர்ணம் பூசுங்கள். ஓரத்துப் பட்டை நீலம், அடுத்தது பச்சை, அடுத்தது நீலம், நடுப் பகுதி சிவப்பு. எதிர்ப் பக்கமும் அப்படியே. கெட்டியாக ஒரே தடவையில் அப்பக்கூடாது. மெல்லியதாக இரண்டு தடவை, ஒரு நாள் இடைவிட்டுப் பூச வேண்டும்.

இரண்டாம் பூச்சு அரைகுறையாகக் காயும்போதே டேப்பைச் சாய்வாக மெல்ல இழுத்து உரியுங்கள். ஆஹா! அடியில் மறைந்திருந்த மஞ்சள் கோடுகள் பளிச்சென்று வெளியே வரும். வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுங்கள். அவர்களுக்கு இது ஒரு வாண வேடிக்கை!

கடைசியில் மெல்லிய பிரஷால் இரண்டு அகல ஓரங்களிலும் மூன்று அங்குல நீளத்துக்குக் குஞ்சம் வரையுங்கள். கொஞ்சம் கோணல் மாணலாக இருந்தால்தான் நிஜக் குஞ்சம் போலத் தெரியும்.

ஓர டேப்பை மட்டும் நாள்கணக்கில் விட வேண்டாம். பசை தரையில் தங்கிவிடும். அன்றன்று உரித்து, அடுத்த பூச்சுக்குப் புதிதாக ஒட்டுங்கள்.

மணல்தான் காவல்

வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இல்லை. இனிதான் முக்கியமான கட்டம். இதைச் செய்யாமல் விட்டதால்தான் எங்கள் அம்மாவின் கை முறிந்தது.

பளபளப்பான பெயிண்டில் தண்ணீர் பட்டால் பாசி போல வழுக்கும். வயதானவர்கள் ஒரு தடவை விழுந்தால் படுத்த படுக்கையாகிவிடக்கூடும். ஆகவே மணல் தூவ வேண்டும்.

மெல்லிய மணலைக் கழுவி, வெயிலில் காய வைத்து, மாவுச் சல்லடையில் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். வர்ணங்கள் நன்றாகக் காய்ந்த பிறகு, நிறமில்லாத பூச்சைப் பூசுங்கள். குஞ்சத்தின் மேலும் பூசுங்கள். அது ஈரமாக இருக்கும்போதே கோலமாவு தூவுவது போல மணலைப் பரவலாகத் தூவுங்கள். மறுநாள் ஒட்டாத மணலைப் பெருக்கிவிட்டு, மேலே இன்னொரு பூச்சுப் பூசுங்கள். மணல் கண்ணுக்கு அதிகம் தெரியாது, காலுக்குத் தெரியும்.

பிறகு ஒரு வாரம் யாரும் நாற்காலியோ கட்டிலோ போடக்கூடாது. தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு. உள்ளே இறுகுவது வேறு. டப்பாவில் போட்டிருக்கும் காலக்கெடுவை மதியுங்கள்.

கழுவுவதிலிருந்து கணக்குப் பார்த்தால் மூன்று வாரம் ஆகும். அதில் கை வேலை தினம் ஓரிரண்டு மணி நேரந்தான். மற்றதெல்லாம் காத்திருப்பது!

தறிக்காரரை மறக்க வேண்டாம்

வரைந்த ஜமக்காளத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஆசிட் ஊற்றக்கூடாது. நாற்காலிக் கால்களுக்கு அடியில் ரப்பர் போடுங்கள். எங்காவது பெயர்ந்தால் உடனே அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசிவிடுங்கள். மணல் தேய்ந்து வழவழப்பு வந்தால் மேல் பூச்சையும் மணலையும் புதுப்பியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரைந்த ஜமக்காளம் கண்ணுக்கு விருந்து; உட்கார அது சிமென்ட்தான்! விருந்தாளி வந்தால் நெய்த ஜமக்காளத்தைத்தான் விரிக்க வேண்டும். பவானியில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. சாரலடிக்கும் வாசலுக்கு வரைந்தது; கூடத்துக்கு நெய்தது. சாரலில் நாசமாகாமல் மிஞ்சுகிற ஜமக்காளம் வீட்டில் பல வருஷம் உழைக்கும்.

அம்மா வைத்த பரீட்சை

2020 தை மாதத்தில் நாங்கள் மறுபடியும் வரைந்தோம். பழைய பெயிண்டை ஈரமாகச் சுரண்டி எடுக்கவே நாலு நாள் ஆயிற்று. பெயிண்டர் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தோம். மாசி பிறந்த பிறகுதான் வேலை முடிந்தது.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் நிலைப்படியிலேயே நின்றாள். காலை எடுத்து வைக்கவில்லை. தீபாவளியிலிருந்து அவள் அந்த வராந்தாவைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டு வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தாள்.

“செம்பிலே தண்ணி கொண்டாடா” என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். சிவப்புப் பட்டையின் மேல் தண்ணீரைச் சாய்த்து ஊற்றினாள். என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, ஈரத்தில் பெருவிரலை அழுத்திப் பார்த்தாள். பிறகு முழுப் பாதத்தையும் வைத்துத் தேய்த்தாள். கால் நின்றது.

தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, நடந்து வாசலுக்குப் போய்க் கோலம் போட ஆரம்பித்தாள்.